திரும்பிப் போகும் இரும்பு ரேக்குகளின் பாண்டை முடித்த விதம்

ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனிக்குக் கஸ்டம்ஸ் வேலை பார்க்கிறேன். கொரியாவிலிருந்து கியர்பாக்ஸ் வரும் இரும்பு ரேக்குகளுக்குச் சுங்க வரி கிடையாது. சுங்க விலக்கு அறிவிப்பின்படி பாண்டு (திருப்பி அனுப்பாவிட்டால் வரி கட்டுவோம் என்ற உறுதிப் பத்திரம்) எழுதிக்கொடுத்து, ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்பி, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். அனுப்பியும் பாண்டு முடியாமல் கிடந்தது. ஏற்றுமதிக்குத் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில்லில் ‘காலி ரேக்’ என்று மட்டும் இருந்தால், வந்தது இதுதானா என்று கேட்கத்தானே செய்வார்கள்?

சப்ளையரிடம் பேசி, ஒவ்வொரு ரேக்கின் காலிலும் எண்ணை இரும்பிலேயே பதிக்க வைத்தோம். ஸ்டிக்கர் சரிப்படாது, கிரீஸ் பட்டால் உரிந்துவிடும். இறக்குமதிக்குத் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரியில் ரேக்கைத் தனி வரியாகக் காட்டினோம். அதே எண்கள் ஷிப்பிங் பில்லிலும். அப்புறம் பாண்டுகள் தடங்கலில்லாமல் முடிந்தன.

கெடு நெருங்கினால், முடியும் முன்பே உதவி ஆணையரிடம் நீட்டிப்பு கேளுங்கள். தகுந்த காரணம் இருந்தால் நீட்டித்துத் தர அறிவிப்பிலேயே இடமுண்டு.