பட்டாளத்துல ஆபீசரா இருந்துக்கிட்டே சம்பளத்தோட மேல்படிப்பு படிக்கணுமா? இத வாசிச்சுட்டு ஆரம்பிங்க

போன மாசம் எங்க தங்கச்சி மவன் லீவுல வந்திருந்தான். சிக்னல்ஸ்ல, அதாவது ஆர்மியோட தகவல் தொடர்புப் பிரிவுல கேப்டன், கமிஷன் ஆகி, அதாவது ஆபீசரா சேர்ந்து நாலு வருஷம் ஆச்சு. தக்கலை பக்கத்துல எங்க வீட்டு வராந்தாவுல கொடியில ரப்பர் ஷீட்டு காயப் போட்டிருந்தது, திடீர்னு மழைச்சாரல் அடிக்கவும் ரெண்டு பேருமா அத வாரி உள்ள போட்டுட்டு இருக்கோம், அப்பந்தான் கேக்கான், "மாமா, ஐஐடியில எம்.டெக் படிக்க ஆர்மியே அனுப்புமாமே, எப்ப அப்ளை பண்ணணும்?" நான் சொன்னேன், "லே மக்கா, அப்ளிகேஷன் கடைசி வேலை, அதுக்கு முன்னாடி உள்ள வேலைய நீ நேத்தே தொடங்கியிருக்கணும்." அன்னைக்கு சாயா ஆறுற வரைக்கும் அவன்கிட்ட பேசினதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா நம்ம குமரி மாவட்டத்துல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரன் இருந்தாலும் இந்த விஷயத்த எடுத்துச் சொல்ல ஆள் கம்மி. நானும் சிக்னல்ஸ்தான், லெப்டினன்ட் கர்னலா ரிட்டயர்ட் ஆனவன், எம்.டெக் படிச்சது சர்க்கார் காசுலதான்.

முதல்ல ஒண்ணு தெளிவா இருக்கணும், சம்பளத்தோட படிப்புன்னா ஒரே ஒரு வழி இல்ல. டெக்னிக்கல் ஆளா ஐஐடிக்குப் போறது ஒரு வழி, வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் இன்னொண்ணு, ஸ்டடி லீவு எடுத்துட்டு நமக்குப் புடிச்சத நாமளே படிக்கறது மூணாவது, பட்டாளத்த விட்டு வெளிய வரப்போற நேரத்துல ஐஐஎம் கோர்ஸ் நாலாவது. டாக்டருங்க கதை தனி. ஒவ்வொண்ணுக்கும் வாசல் வேற, வயசு வேற, காசு கட்டுற ஆளும் வேற. எல்லாத்துக்கும் ஒரே ஃபைல தூக்கிட்டு ஓடினா ஒண்ணும் நடக்காது.

ஐஐடி வழிய முதல்ல சொல்லிடுறேன், மருமவன் கேட்டது அதத்தான். இன்ஜினியர்ஸ், சிக்னல்ஸ், மெஷின் ரிப்பேர் பாக்கற ஈஎம்ஈ மாதிரி டெக்னிக்கல் ஆர்ம்ஸ்ல (பிரிவுகள்ல) இருக்கற ஆபீசர்கள ஆர்மியே தேர்ந்தெடுத்து எம்.டெக்குக்கு அனுப்பும், ஐஐடிக்கும் போகலாம், புனேல ராணுவ ஆராய்ச்சி பாக்கற டிஆர்டிஓ கீழ இருக்கற டிஐஏடிங்கற யுனிவர்சிட்டிக்கும் போகலாம். ரெண்டு வருஷம், சம்பளம் முழுசா வரும், பீஸ் சர்க்கார் கட்டும். வெளிய இருந்து வர்ற பையனுக்கு கேட் என்ட்ரன்ஸ் எக்ஸாம் ஸ்கோர் வேணும், நாம ஸ்பான்சர்டு கேண்டிடேட்டா போறதால பல எடத்துல அது வேண்டாம், ஆனா சும்மா கதவு திறந்திருக்கும்னு நினைக்காதீங்க, பி.டெக்ல 60 சதவீதம் இல்லன்னா 6.0 சிபிஐ (பத்துக்கு எத்தனைங்கற கிரேடு சராசரி) பல ஐஐடி கேக்கும், சில டிபார்ட்மென்ட்ல இன்டர்வியூ வச்சு பேசிக்ஸ நோண்டுவாங்க. சிக்னல் ப்ராசஸிங்ல ஃபூரியர் டிரான்ஸ்பார்ம் என்னன்னு கேட்டா நாலு வருஷமா கேபிள் போட்டுட்டு இருந்தேன் சார்னு சொல்ல முடியாதுல்லா.

இதுல ஒரு கொக்கி இருக்கு. என்டிஏல (பன்னெண்டு முடிச்சதும் சேர்ற ராணுவ அகாடமி) ஆர்ட்ஸ் இல்லன்னா சயின்ஸ் எடுத்து ஜேஎன்யூ டிகிரியோட வந்தவன் நேரா எம்.டெக்குக்குப் போக முடியாது, சர்வீஸ்ல புனே சிஎம்ஈ, மோவ் எம்சிடிஈ, செகந்திராபாத் எம்சிஈஎம்ஈங்கற ஆர்மி இன்ஜினியரிங் காலேஜ்கள்ல எதாவது ஒண்ணுல பி.டெக் முடிக்கணும், அதுக்கப்புறந்தான் எம்.டெக் பேச்சு. பன்னெண்டாம் கிளாஸ் முடிச்சு டெக்னிக்கல் என்ட்ரியில வந்தவனுக்கும், வெளிய பி.இ. முடிச்சுட்டு வந்தவனுக்கும் இந்தக் கவலை இல்ல. என் மருமவன் நாகர்கோவில் பக்கத்துல ஒரு காலேஜ்ல பி.இ. முடிச்சவன், அதனால அவனுக்கு லைன் க்ளியர்.

ஆர்மி பக்கம் என்ன பாக்கும்னா, வருஷா வருஷம் சிஓ (யூனிட் தலைவர்) நம்மளப் பத்தி எழுதுற ரிப்போர்ட்டான ஏசிஆர், நீங்க போன கோர்ஸ்கள்ல வாங்கின கிரேடிங், மெடிக்கல்ல ஷேப் ஒண்ணு (முழு ஃபிட்), ஒழுங்கு நடவடிக்கை எதும் இல்லாம இருக்கணும், கேக்கற ப்ரமோஷன் எக்ஸாம் முடிச்சிருக்கணும். மருமவன் மூஞ்சி மாறினது இந்த எடத்துலதான், யங் ஆபீசர்ஸ் கோர்ஸ்ல பசங்களோட கூத்தடிச்சு சுமாரா கிரேடிங் வாங்கியிருக்கான். அன்னைக்கு அது விளையாட்டு, இன்னைக்கு அந்தத் தாள்தான் ஆள் தேர்ந்தெடுக்கற போர்டு மேசையில கிடக்கும். இனி வர்ற கோர்ஸ்ல சரி பண்ணுன்னு சொன்னேன், வேற என்ன சொல்ல. எத்தன வருஷ சர்வீஸ்ல இருந்து எத்தன வருஷம் வரைக்கும் போகலாம்ங்கறது பாலிசி லெட்டர்ல இருக்கும், அத யூனிட் நிர்வாகம் பாக்கற அட்ஜுடன்ட் ஆபீஸ்ல கேட்டு வாங்கி நீங்களே உக்காந்து வாசிங்க, வாட்ஸ்அப் குரூப்புல சீனியர் சொன்னான்னு போகாதீங்க, அவன் சொல்றது அவன் காலத்து லெட்டர்.

சரி, பேப்பர் வேலை. நான் அடி வாங்கினது இங்கதான், அதனால இத கொஞ்சம் நீட்டிச் சொல்றேன். நம்ம ஊர்ல பேருக்கு முன்னாடி ஒரு இனிஷியல் போடுவோம், முடிஞ்சுது. பத்தாம் கிளாஸ் மார்க் ஷீட்ல இனிஷியல் முன்னாடி, டிகிரில அதே இனிஷியல் பின்னாடி போயிருக்கும், பட்டாளத்துல சேரும்போது சர்நேம் என்னன்னு கேட்டு அப்பா பேர முழுசா இழுத்து கடைசில ஒட்டிடுவாங்க. ஆக ஒரே ஆளு மூணு தாள்ல மூணு பேரு. எனக்கு அது மட்டுமில்ல, அப்பா பேருலயும் ஒரு தாள்ல இங்கிலீஷ்ல ஒரு எச் கூட இருந்துச்சு. செலக்ஷன் எல்லாம் முடிஞ்சு, படிக்கப் போற எடத்துல சர்டிபிகேட் சரிபார்க்கற மேசையில இருந்த ஆளு மூணு தாளையும் வரிசையா வச்சு, "இது மூணு பேரா ஒரு ஆளா"ன்னு கேட்டாரு. அபிடவிட் கொண்டு வா, கெசட் கொண்டு வா, உங்க ஆர்மி ரெக்கார்டுல மாத்தி, மாத்தினதுக்கு உள்ள உத்தரவு பார்ட் டூ ஆர்டர் கொண்டு வான்னு சொல்லி முடிக்கறதுக்குள்ள அட்மிஷன் தேதி போயே போச்சு. ஒரு வருஷம் காலி. அடுத்த வருஷந்தான் போனேன். அதுலயும் நான் யூனிட்ல இருந்தது வடக்க ஒரு மூலையில, நோட்டரி இருந்தது இங்க, எங்கம்மா குடையப் புடிச்சுட்டு நாகர்கோவில் கோர்ட்டு பக்கம் நாலு தடவ அலைஞ்சாங்க.

அதனால இப்பவே, இந்த லீவுலயே, பத்து, பன்னெண்டு, டிகிரி, ஆதார், பேன், ஆர்மி ஐடி எல்லாத்தையும் தரையில பரப்பி ஒவ்வொரு எழுத்தா பாருங்க. பிறந்த தேதி, அப்பா பேரு, அம்மா பேரு எல்லாந்தான். வித்தியாசம் இருந்தா முதல்ல அபிடவிட், அப்புறம் தேவைப்பட்டா தமிழ்நாடு கெசட், அதுக்கப்புறம் யூனிட் கிளார்க் மூலமா பார்ட் டூ ஆர்டர், அந்த வரிசையில போங்க. ப்ரொவிஷனல் சர்டிபிகேட்ட வச்சுட்டு காலத்த ஓட்டாம யுனிவர்சிட்டில கான்வொகேஷன் சர்டிபிகேட்டையும் எல்லா செமஸ்டர் மார்க் ஷீட்டையும் வாங்கி வச்சுடுங்க. லீவுல வந்தா கல்யாணம், கொடை, கோயில் திருவிழான்னு போயிரும், ரெண்டு நாள் இதுக்குன்னு ஒதுக்குங்க.

அப்ளிகேஷன் ப்ராப்பர் சேனல்லதான் போகணும், சிஓ ரெக்கமெண்ட் பண்ணணும், அங்க இருந்து ஃபார்மேஷன் (யூனிட்டுக்கு மேல உள்ள தலைமையகம்), அங்க இருந்து உங்க ஆர்ம் டைரக்டரேட் (உங்க பிரிவோட தலைமை ஆபீஸ்). நேரா ஐஐடிக்கு லெட்டர் போட்டு சீட்டு வாங்கிட்டு அப்புறம் பர்மிஷன் கேக்கலாம்னு ஒரு புத்திசாலி கிளம்புவான், அந்த வேலை வேண்டாம். சிஓகிட்ட வாயால கேக்கறதுக்கு முன்னாடி யூனிட்ல ஆள் பற்றாக்குறை எப்படி இருக்குன்னு பாருங்க, ரெண்டு கம்பெனி கமாண்டர் இல்லாம அவரு தலைய சொறிஞ்சுட்டு இருக்கும்போது போய் "சார் எம்.டெக்"னு நின்னீங்கன்னா ரெக்கமெண்டேஷன் எப்படி வரும்னு நான் சொல்லணுமா. படிச்சு முடிச்சு இத்தன வருஷம் சர்வீஸ் பண்ணுவேன்னு எழுதிக் கொடுக்கணும், அத கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி வீட்டுல பொண்டாட்டிகிட்டயும் காட்டுங்க.

இன்னொரு கணக்கும் இருக்கு, இத யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு வருஷம் காலேஜ்ல உக்காந்திருந்தா அந்த ரெண்டு வருஷமும் கமாண்ட்ல ஏசிஆர் வராது. கர்னல் போர்டுக்கு அந்தந்த ரேங்க்ல கிரைட்டீரியா அப்பாயின்ட்மென்ட், அதாவது ப்ரமோஷனுக்குக் கணக்குல வர்ற பதவி, முடிச்சிருக்கணும், அத முடிக்காம படிக்கப் போயிட்டு வந்தா மத்தவன் முன்னாடி போயிருப்பான். மேஜர் ஆறு வருஷத்துல, லெப்டினன்ட் கர்னல் பதிமூணு வருஷத்துல தன்னால வந்துரும், அதுக்கு மேல போர்டுதான். நான் எம்.டெக்குக்குப் போனதுல எனக்கு வருத்தம் இல்ல, ஆனா கர்னல் ஆகலங்கறதும் உண்மைதான். எனக்கு மெஷின் புடிக்கும், நான் போனேன். கமாண்ட் பண்ணணும்னு ஆசை உள்ளவன் வெலிங்டன் பக்கம் பாக்கணும்.

வெலிங்டன்னா குன்னூர் பக்கத்துல இருக்கற டிஎஸ்எஸ்சி, அதாவது மேல சொன்ன ஸ்டாஃப் காலேஜ். நாட்டுப் பிரிவினைக்கு அப்புறம் குவெட்டால இருந்து பிரிஞ்சு நம்ம நீலகிரிக்கு வந்த காலேஜ். முப்படை ஆபீசர்களும், வெளிநாட்டு ஆபீசர்களும் சேர்ந்து படிக்கற எடம், கிட்டத்தட்ட ஒரு வருஷம், முடிச்சா மெட்ராஸ் யுனிவர்சிட்டியோட எம்.எஸ்சி, டிஃபென்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டஜிக் ஸ்டடீஸ். டிகிரிய விட பெருசு அந்தப் பேருக்கு உள்ள மதிப்பு, அதுக்கப்புறம் ஸ்டாஃப் போஸ்டிங் எல்லாம் வேற லெவல். ஆர்மிக்காரங்க எழுதுற என்ட்ரன்ஸ் எக்ஸாம் வருஷத்துக்கு ஒரு தடவ, செப்டம்பர்ல. புனேல டெக்னிக்கல் ஸ்டாஃப் கோர்ஸ் ஒண்ணு இருக்கு, அதுக்கும் இதே பரீட்சைதான். 2022ல முதல் தடவையா பொண்ணு ஆபீசர்களும் இந்தப் பரீட்சைய பாஸ் பண்ணினாங்க, அதுக்கு முன்னாடி 2020 பிப்ரவரியில பொண்ணு ஆபீசர்களுக்கும் பெர்மனன்ட் கமிஷன் (ரிட்டயர் ஆகற வரைக்கும் சர்வீஸ்) உண்டுன்னு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு வந்ததுதான் கதவ திறந்துச்சு. நம்ம ஊர்ல இருந்து ஆபீசர் பயிற்சி அகாடமியான ஓடிஏ சென்னைக்குப் போற பிள்ளைங்க இத மனசுல வச்சுக்கணும்.

நான் எழுதின காலத்துல டாக்டிக்ஸ் ரெண்டு பேப்பர், மிலிட்டரி ஹிஸ்டரி, கரண்ட் அஃபயர்ஸ், அட்மினிஸ்ட்ரேஷன், மிலிட்டரி லா. எல்லாம் கையால எழுதணும். தினம் கம்ப்யூட்டர்ல தட்டிட்டு மூணு மணி நேரம் கையால எழுதிப் பாருங்க, ரெண்டாவது மணி நேரத்துல விரல் மரத்துப் போயிரும். நான் படிச்சது உயரத்துல ஒரு போஸ்ட்ல, காலையில நாலரைக்கு எந்திரிச்சு குளிர் காயற புகாரி அடுப்பு பக்கத்துல உக்காருவேன், பேனா மை உறைஞ்சு எழுதாது, கக்கத்துல அஞ்சு நிமிஷம் வச்சுட்டு எழுத ஆரம்பிப்பேன், ஒரு பக்கம் முடியறதுக்குள்ள திரும்பவும் கக்கம். பாஸ் ஆனேன், ஆனா மெரிட்ல வரல, நாமினேஷன் கிடைக்கல. பாஸ் ஆகறதும் செலக்ட் ஆகறதும் ஒண்ணு இல்ல, சீட்டு எத்தனையோ அத்தன பேருதான். அதனால பழைய கொஸ்டின் பேப்பர வாசிச்சுட்டு தெரியும்னு விடாம, கடியாரத்த வச்சு எழுதி, ஏற்கனவே வெலிங்டன் போயிட்டு வந்த சீனியர் ஒருத்தர்கிட்ட திருத்தக் கொடுங்க. டாக்டிக்ஸ்ல மேப்ப ஒழுங்கா வாசிக்காம பதில் எழுதினவன் அழகான கையெழுத்து வச்சும் பிரயோஜனம் இல்ல.

ஸ்டடி லீவு பத்தி சுருக்கமா. ரெண்டு வருஷம் வரைக்கும் கிடைக்கும், சம்பளம் வரும், ஆனா பீஸ் நம்ம கைக்காசு. எம்பிஏ, எல்எல்எம், பிஎச்டின்னு ஆர்மி அனுப்பாத படிப்பு படிக்கணும்னா இதுதான் வழி. இது உரிமை இல்ல, சாங்ஷன் ஆகணும், படிச்சுட்டு வந்து சர்வீஸ் பண்ணுவேன்னு எழுதிக் கொடுக்கற பாண்டும் உண்டு. ஷார்ட் சர்வீஸ்ல (கொஞ்ச வருஷத்துக்கு மட்டும் உள்ள கமிஷன்) இருக்கறவங்க முதல்ல பெர்மனன்ட் கமிஷன் விஷயத்த முடிவு பண்ணிட்டு இந்த நீளமான படிப்புகள யோசிங்க, ரெண்டு வருஷம் படிச்சுட்டு வந்தா மிச்சம் சர்வீஸ் இருக்கணும்லா.

டாக்டருங்களுக்கு, அதாவது ஆசாரிப்பள்ளத்துலயோ குலசேகரத்துலயோ எம்பிபிஎஸ் முடிச்சுட்டு ஆர்மியோட மருத்துவப் பிரிவு ஏஎம்சில சேர்ந்தவங்களுக்கு, எம்.டி., எம்.எஸ். ராணுவ மருத்துவ நிறுவனங்கள்லயே படிக்கலாம், நீட் பிஜி எழுதணும், சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு முன்னுரிமை உண்டு.

ரிட்டயர் ஆகற கட்டத்துல இருக்கறவங்களுக்கு, பட்டாளத்த விட்டு வர்றவங்க மறுவாழ்வு பாக்கற டிஜிஆர் ஆபீஸ் மூலமா ஐஐஎம் மாதிரி எடங்கள்ல 24 வார பிசினஸ் மேனேஜ்மென்ட் கோர்ஸ். டிகிரி இல்ல, சர்டிபிகேட்தான். ஆபீசருன்னா பீஸ்ல 60 சதவீதம் டிஜிஆர், 40 நாம. சர்வீஸ் முடியறதுக்கு ரெண்டு வருஷம் இருக்கும்போதே பாக்க ஆரம்பிங்க, நல்ல ஐஐஎம் சீட்டு சீக்கிரம் போயிரும்.

கடைசியா, ஜவானா சேர்ந்த நம்ம பசங்க இத வாசிச்சா "நமக்கு என்ன"ன்னு மூடிடாதீங்க. பன்னெண்டு பாஸ், ரெண்டு வருஷ சர்வீஸ் இருந்தா ஜவான்கள ஆபீசராக்கற காலேஜ் ஏசிசிக்கு எழுதலாம், டேராடூன்ல மூணு வருஷம் படிச்சு டிகிரி, அப்புறம் ராணுவ அகாடமி ஐஎம்ஏல ஒரு வருஷம், ஆபீசரா வெளிய வரலாம். அதுக்கப்புறம் மேல சொன்ன வாசல் எல்லாம் உங்களுக்கும் உண்டு.

மருமவன் அன்னைக்கு ராத்திரியே அவன் அம்மாகிட்ட பீரோ சாவி வாங்கி சர்டிபிகேட் எல்லாத்தையும் கட்டில்ல பரப்பினான். பன்னெண்டாம் கிளாஸ் மார்க் ஷீட்ல அவன் அப்பா பேருல ஒரு எழுத்து காணல. மறுநாளே நோட்டரிகிட்ட கூட்டிட்டுப் போயி அபிடவிட் முடிச்சு அனுப்பினேன். நேத்து போன் பண்ணி பார்ட் டூ ஆர்டர் என்னாச்சு லேன்னு கேட்டா, கிளார்க் லீவுல போயிருக்கான் மாமாங்கான்.