பழைய பிக்கப் வண்டி: வேலை பார்ப்பதா, உடைப்பதா?

ஷெட்டிலோ வேப்பமரத்தடியிலோ ரெண்டு மூணு வருடமாக நிற்கும் பொலேரோ பிக்கப், டாடா 207 மாதிரி வண்டிகளை வேலை பார்த்து ஓட்டுவதா, உடைத்து சாமான் சாமானாக விற்பதா என்று முடிவு செய்வதற்கான விளக்கம் இது. மெக்கானிக்கல் டீசல் பம்ப், தனி சேஸிஸ் (வண்டியைத் தாங்கும் அடி இரும்புச் சட்டம்), அதன்மேல் கேபின் என்று இருக்கும் பழைய வண்டிகள். புதிதாக இறங்குகிறவர்கள் பானட்டைத் திறந்து இன்ஜினில்தான் ஆரம்பிப்பார்கள். வரிசை அப்படியே தலைகீழ்: முதலில் காகிதம், அடுத்து சேஸிஸ், பிறகு கேபின், கடைசியில் இன்ஜின். இன்ஜின் போனால் இன்னொன்று வாங்கலாம். ஆர்.சி. (பதிவுச் சான்று) செத்துப்போனாலோ சேஸிஸ் உள்ளுக்குள் அரித்துப்போனாலோ காசு இருந்தும் பயனில்லை.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: சின்ன சுத்தியல், தேய்ந்த ஸ்க்ரூ டிரைவர், டார்ச், காந்தம், அளவு டேப், தூக்குக்குண்டு, சாக்பீஸ், பென்சில், வெள்ளைத்தாள், கொஞ்சம் மண்ணெண்ணெய். வண்டியைத் தூக்குவதாக இருந்தால் ஸ்டாண்டு கட்டாயம். வெறும் ஜாக்கியை நம்பி அடியில் படுக்காதீர்கள்.

படி 1: காகிதம்

எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் எஃப்.சி. (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் முடிந்த தேதிகள் வரும். கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இன்னும் இருக்கிறதா, சலான் ஏதாவது பாக்கியா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கடன் கட்டி முடித்திருந்தாலும், நிறுவனம் தந்த தடையில்லாச் சான்றையும் படிவம் 35-ஐயும் கொடுத்து ஆர்.சி.யில் இருந்து பெயரை எடுக்காதவரை வண்டியை விற்கவும் முடியாது, பதிவை ரத்து செய்யவும் முடியாது.

சரக்கு வண்டிக்கு முதல் 8 வருடம் வரை ரெண்டு வருடத்துக்கு ஒரு எஃப்.சி., அதற்குமேல் வருடா வருடம். 15 வயது தாண்டிய வண்டிகளுக்கு எஃப்.சி. கட்டணம் 2022 ஏப்ரலில் இருந்து பல மடங்கு கூடியிருக்கிறது. பாக்கி வரி, பசுமை வரி, எஃப்.சி., இன்சூரன்ஸ் நாலையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது வேலைச் செலவில் பாதிகூட ஆகிவிடும் வண்டிகள் உண்டு.

அடுத்து சேஸிஸ் எண். சேஸிஸின் இரும்புச் சட்டத்தில் எண் குத்தியிருக்கும் இடத்தை மண்ணெண்ணெயும் பிரஷும் போட்டுத் துடையுங்கள். கிரைண்டர் வைத்தால் துருவோடு எண்ணும் போய்விடும். அதன்பிறகு அது திருட்டு வண்டி இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தாக ஒத்துப்பாருங்கள். இன்ஜின் எண்ணுக்கும் அதே. இன்ஜின் எண் மட்டும் வேறாக இருந்தால் முன்னாடி யாரோ மாற்றியிருக்கிறார்கள், ஆர்.சி.யில் ஏற்றவில்லை என்று அர்த்தம். அதைச் சரிசெய்ய அந்த இன்ஜினுக்கு பில் வேண்டும். சேஸிஸ் எண் ஒத்துவரவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். அந்த வண்டிக்கு வேலையும் பார்க்கக் கூடாது, அதிலிருந்து ஒரு போல்ட்டும் விற்கக் கூடாது.

படி 2: சேஸிஸ்

வண்டி இதுவரை என்ன லோடு ஏற்றியது என்று கேளுங்கள். செங்கல், காய்கறி என்றால் துருப் பயம் இல்லை. மீன், உப்பு, உரம் என்றால் டார்ச்சோடு ஒரு மணி நேரம் அடியில் இருக்கத் தயாராகுங்கள். ஐஸ் கரைந்த மீன்தண்ணீர் பாடியில் இருந்து ஒழுகி சேஸிஸ் சட்டத்துக்குள் தங்கும். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே உள்ளே தகடு தகடாக உரிந்துகொண்டிருக்கும்.

சுத்தியலால் ஒரு அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், அரித்தது மொத்தென்று கேட்கும். மொத்தென்ற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை அழுத்திக் குத்துங்கள். குறிப்பாகப் பார்க்க வேண்டிய இடங்கள்: பின் பட்டையை (லீஃப் ஸ்பிரிங்) தாங்கும் ஹேங்கர் பிராக்கெட், பின் ஆக்சிலுக்கு மேலே சட்டம் வளைந்து ஏறும் இடம், கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவே உள்ள இடைவெளி, ஸ்டியரிங் பாக்ஸ் மாட்டியிருக்கும் இடம். ஓவர்லோடு அடித்த வண்டியில் கேபினுக்குப் பின்னால்தான் முதல் விரிசல் விழும். சட்டம் அங்கேதான் அதிகம் வளைந்து நிமிர்கிறது.

ஏற்கெனவே வெல்டிங் வைத்திருந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். ஒட்டுத்தகட்டின் ஓரத்தைச் சாய்வாக வெட்டி, சட்டத்தின் நீளவாக்கில் வெல்டு ஓடியிருந்தால் விவரம் தெரிந்தவர் செய்த வேலை. நட்டுக்குத்தாகக் குறுக்கே ஒரே கோட்டில் வெல்டு இருந்தால் அந்தக் கோட்டுக்குப் பக்கத்திலேயே மறுபடி விரியும்.

சட்டம் வளைந்திருக்கிறதா என்று கண்ணால் சொல்ல முடியாது. சமமான சிமென்ட் தரையில் நிறுத்தி, முன் பட்டையின் முன்முனை போல்ட், பின் பட்டையின் முன்முனை போல்ட் என்று ரெண்டு பக்கமும் நாலு இடத்தில் தூக்குக்குண்டு விட்டுத் தரையில் புள்ளி வையுங்கள். முன்னால் பட்டை இல்லாத மாடல் என்றால் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஏதாவது ஒரு போல்ட் துளையை எடுத்துக்கொள்ளலாம். வண்டியை நகர்த்திவிட்டு மூலைக்கு மூலை ரெண்டு குறுக்களவையும் எடுங்கள். 5 மில்லிமீட்டர் வரை வித்தியாசம் பரவாயில்லை. 10-ஐத் தாண்டினால் வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. சேஸிஸைத் தனியே எடுத்து நிமிர்த்துமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பாடி, இன்ஜின் எல்லாம் இறக்கி ஏற்றுகிற கூலியோடு கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

படி 3: கேபின்

மேட்டைத் தூக்கித் தரைத்தகட்டைப் பாருங்கள். கதவுக் கீல் மாட்டியிருக்கும் தூணின் அடிப்பாகம், படிக்கட்டு, முன்கண்ணாடி ஃபிரேமின் கீழ்விளிம்பு, மழைநீர் ஓடும் கூரை ஓரம் ஆகியவற்றில் காந்தத்தை வையுங்கள். ஒட்டாத இடத்தில் உள்ளே இருப்பது பட்டி, அதாவது ஓட்டையை மறைக்கும் பூச்சு. தரைத்தகடு போனால் வெட்டி மாற்றலாம், டிங்கரிங் கடையில் தினமும் செய்கிற வேலை. கீல் தூண் போனால் கதவு தொங்கும். எவ்வளவு பட்டி வைத்தாலும் நிற்காது. லோடு பாடி எவ்வளவு மோசமாக இருந்தாலும் கவலை வேண்டாம், பாடி கட்டுகிறவர்கள் தனியாகவே செய்து தருவார்கள்.

படி 4: இன்ஜின்

காலையில் முழுக்க ஆறியிருக்கும்போது வர வேண்டும். முன்னாடியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் அந்தச் சோதனை செல்லாது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது, அல்லது ஹெட் விரிந்திருக்கிறது. சூடான வண்டியில் இந்த மூடியைத் தொடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றுங்கள். லேசாக ஆவி வருவது இயல்பு. புஸ்புஸ் என்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன்: பிஸ்டன் ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகை மட்டும் என்றால் பயப்படாதீர்கள். நாசில் (சிலிண்டருக்குள் டீசல் பீச்சும் முனை), பம்ப் வேலை, ஏர் ஃபில்டரில் முடியக்கூடும். கம்ப்ரஷன் மீட்டர் வைத்துப் பார்த்தால் இந்த மாதிரி டீசலில் ஒவ்வொரு சிலிண்டரும் சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோவுக்கு அருகில் காட்ட வேண்டும். எல்லாம் சமமாகக் குறைந்திருந்தால் தேய்மானம். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் பெரும்பாலும் வால்வு அல்லது கேஸ்கெட், சின்ன வேலை.

நின்று போன இன்ஜின் இறுகியிருந்தால் செல்ஃப் மோட்டாரால் சுற்றாதீர்கள். நாசில்களைக் கழற்றி, துளை வழியே டீசலும் கியர் ஆயிலும் கலந்து கொஞ்சம் ஊற்றி, ரெண்டு நாள் விட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்ற ஆரம்பித்ததும் நாசில் துளை வழியாக எண்ணெயை வெளியேற்றிய பிறகுதான் நாசிலை மாட்ட வேண்டும். இல்லையென்றால் எண்ணெய்க்கு அமுங்க இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும்.

இன்ஜினைப் பிரித்துவிட்டால் ஒரு கேள்வியைக் கேட்காமல் லேத் பட்டறையை விட்டு நகராதீர்கள்: கிராங்க் இப்போது எந்த சைஸ்? அதாவது கிரைண்டிங்கில் இதுவரை எவ்வளவு தேய்த்துக் குறைத்திருக்கிறார்கள் (அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு) என்று. பத்து, இருபது என்றால் இன்னும் ஒரு தடவை கிரைண்டிங் தாங்கும். ஏற்கெனவே முப்பதில் இருந்தால் வேறு கிராங்க் தேட வேண்டும், செலவு எகிறும்.

படி 5: கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதே வருடம், அதே மாடல், நல்ல ஓட்டத்தில் இருப்பது 2,50,000-க்குப் போகிறது. மெக்கானிக், டிங்கர், பெயிண்டர் மூவரும் சொன்ன மதிப்பீடு 1,20,000. இதோடு 30 சதவீதம் சேருங்கள், பிரித்த பிறகு தெரியவரும் வேலைகளுக்காக: 1,56,000. காகிதச் செலவு 25,000. இப்போது நிற்கிற நிலையில் வண்டியை முழுசாகக் கேட்கிற விலை 70,000. இந்த எழுபதாயிரத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். "வண்டி நம்மகிட்டதானே இருக்கு" என்பார்கள். ஆனால் இன்றைக்கு விற்றால் கைக்கு வரும் பணம் அது, ஆகவே அதுவும் செலவுதான். மொத்தம் 2,51,000. ஓடுகிற வண்டியையே வாங்கிவிடலாம்.

உடைக்கும் கணக்கு: எல்லா சாமானும் சேர்த்து 1,30,000 போகும் என்று கடைக்காரர்கள் சொன்னால் 60 சதவீதம்தான் கைக்கு வரும் என்று வையுங்கள்: 78,000. சில சாமான் விற்கவே விற்காது, மற்றதில் பேரம் படியும். கழற்றும் கூலி, வாடகை 12,000 கழியும். மிச்சக் கூடு 600 கிலோ, கிலோ 28 ரூபாய் என்றால் 16,800. ஆக 82,800. முழுசாக விற்பதைவிட 12,800 அதிகம். அதற்காக ரெண்டு மாதம் இடம் அடைத்துக்கொண்டிருக்கும். இந்த இடைவெளி முப்பதாயிரத்துக்கு மேல் போகாவிட்டால் புதியவர்கள் உடைக்க இறங்க வேண்டாம். சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ உள்ள பழைய சாமான் வியாபாரிக்கு அதே இன்ஜினுக்கு ஆள் தயாராக இருக்கும், உங்களுக்கு இருக்காது.

வேலைச் செலவு, காகிதம், இப்போதைய விலை மூன்றும் சேர்ந்து ஓடுகிற வண்டியின் விலையில் 70 சதவீதத்துக்குள் அடங்கினால் தாராளமாக வேலை பாருங்கள். சொந்த லோடு அடிக்கிறவர்களுக்கு 85 வரைகூடப் பரவாயில்லை, வண்டியின் ஒவ்வொரு நட்டும் புதிது என்பது தெரிந்திருக்கும்.

படி 6அ: வேலை பார்ப்பதென்றால்

சேஸிஸ், பட்டை, பிரேக் முதலில், பிறகு இன்ஜின், கியர் பாக்ஸ், கிரவுன் (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கரம்), அதன்பின் டிங்கரிங், பெயிண்ட் கடைசி. பெயிண்டை முதலில் அடித்தவர்கள் இன்ஜின் ஏற்றி இறக்கும்போது பாதியைச் சுரண்டிவிட்டு மறுபடி காசு கொடுப்பார்கள். வேறு இன்ஜின் போடுவதாக இருந்தால் மாட்டுவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அனுமதி வாங்குங்கள்.

படி 6ஆ: உடைப்பதென்றால்

இன்ஜின் ஓடுகிறதென்றால் கழற்றுவதற்கு முன் வீடியோ எடுங்கள்: கோல்டு ஸ்டார்ட், புகை, ஆயில் பிரஷர். தரையில் கிடக்கும் இன்ஜினுக்கு இரும்பு விலைதான் கேட்பார்கள். பம்பும் நாசிலும் இன்ஜினோடு போகட்டும். இன்ஜின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், டீசலைத் தனித்தனி கேனில் வடியுங்கள். மண்ணில் ஊற்றினால் பக்கத்துக் கிணறு கெடும். திறந்த துளைகளில் துணி அடைத்து டேப் ஒட்டுங்கள். வயரிங்கை வெட்டாமல் கப்ளரில் கழற்றினால் அது வயரிங், வெட்டினால் வெறும் செம்பு. கண்ணாடி, கதவு, விளக்குகளை முதலில் இறக்குங்கள். முன் ஆக்சில், ஸ்டியரிங், நாலு சக்கரம் கடைசி வரை இருக்கட்டும். டயரை ஆசைப்பட்டு முதல் வாரமே விற்றுவிட்டால் கூட்டை நகர்த்தக் கிரேன் கூப்பிட வேண்டும்.

இன்ஜின் வாங்குகிறவரிடம் எண் குறித்த ரசீதும் அடையாள அட்டை நகலும் வாங்குங்கள். சேஸிஸ் எண் உள்ள துண்டை மட்டும் யாராவது நல்ல விலைக்குக் கேட்டால் கொடுக்காதீர்கள். திருட்டு வண்டிக்கு ஒட்டத்தான் அது. வண்டி நிரந்தரமாக ஓடாது என்றான பின் 14 நாளுக்குள் பதிவு செய்த ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவு சொல்கிறது. ஆகவே உடைக்கத் தொடங்கும்போதே அங்கே விசாரித்து, ரத்து விண்ணப்பத்தோடு ஆர்.சி.யை ஒப்படைத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள். 2021 விதிகளின்படி பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் வண்டியை முழுசாகக் கொடுத்தால் டெபாசிட் சான்று (வண்டியை ஒப்படைத்ததற்கான சான்று) தருவார்கள். அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் சரக்கு வண்டிக்கு 15 சதவீதம், சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை வரிச்சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. புது வண்டி வாங்கும் எண்ணம் இருந்தால் அந்தத் தொகையையும் படி 5-இல் சேர்த்து இன்னொரு தடவை கூட்டிப் பாருங்கள்.