மணாலியில் விற்கும் கம்பளி சாக்ஸை ஹம்ப்டா மலைப்பாதையில் பயன்படுத்துவது எப்படி?

இமயமலையில் முதல் ட்ரெக்காக ஹம்ப்டா கணவாயைத் தேர்ந்தெடுப்பவர்கள் நம்மூரில் நிறையப் பேர். குல்லு பள்ளத்தாக்கின் பச்சைப் புல்வெளியில் ஏறி, சுமார் 4,270 மீட்டர் உயரத்தில் கணவாயைக் கடந்து, வறண்ட லாஹௌல் பள்ளத்தாக்கில் இறங்கும் பாதை இது. புறப்படும் ஊரான மணாலியில், பெண்கள் கையால் பின்னிய வண்ண வண்ணக் கம்பளி சாக்ஸ் விற்பதைப் பார்ப்பீர்கள். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த லாஹௌலில் வளர்ந்த கைவேலை அது. 19ஆம் நூற்றாண்டில் லாஹௌலின் முக்கிய ஊரான கேலாங்கில் தங்கிய மொரேவியன் என்ற கிறிஸ்தவச் சபையின் மிஷனரிகள் அங்கே பின்னல் கற்றுக்கொடுத்தார்கள். இன்று லாஹௌலி சாக்ஸுக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு உண்டு.

இதைப் போட்டுக்கொண்டு மலையேற முடியுமா? முடியும். ஆனால் எல்லா நாளும் இல்லை, நடக்கும்போது உள்ளே மெல்லிய சாக்ஸ் இல்லாமல் தனியாகவும் இல்லை.

படி 1: கம்பளியா, அக்ரிலிக்கா என்று பாருங்கள்

மணாலியில் கம்பளியும், அக்ரிலிக் என்ற செயற்கை இழையும் கலந்து கிடக்கும். பளிச்சென்ற நிறமும், தொட்டால் வழுவழுப்பும், விலை மிகக் குறைவும் என்றால் பெரும்பாலும் அக்ரிலிக்தான். உறுதி வேண்டுமென்றால் ஒரு துண்டு நூல் கேட்டு வாங்கி, திறந்த வெளியில் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகும் வாடையோடு எரிந்து தானாக அணையும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, கெட்டியான மணியாக நிற்கும். இரண்டு நூலும் கலந்திருந்தால் இரண்டு அடையாளமும் தெரியும்.

இதற்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும்? கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழைக்குள் இழுத்துக்கொள்ளும். அப்போதும் தொடுகைக்கு நசநசவென்று இருக்காது. கொஞ்சம் நனைந்தாலும் கதகதப்பு பெரிதாகக் குறையாது. வியர்வை நாற்றமும் சீக்கிரம் ஏறாது. குளிர்ப் பிரதேசத்தில் கால் பிழைப்பது இதனால்தான்.

நல்ல கம்பளி என்று தெரிந்தபின் பேரம் பேசாதீர்கள். ஒரு ஜோடிக்குப் பின்னால் எத்தனை மணி நேர உழைப்பு இருக்கிறது என்று அந்தப் பூவேலையைப் பார்த்தாலே தெரியும்.

படி 2: உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

வெளியே அழகான கோலம் இருக்கும் இடத்தில், உள்ளே நூல் குறுக்கே ஓடும். அது தொங்கலாக இருந்தால் கால்விரல் மாட்டும். விரல் நுனியிலும் குதிகாலிலும் முடிச்சு தட்டுப்பட்டால் வேறு ஜோடி எடுங்கள். அளவு காலோடு ஒட்டி இருக்கட்டும். தொளதொள சாக்ஸ் ஷூவுக்குள் மடிந்து, அந்த மடிப்பே கொப்புளமாகும்.

படி 3: ஷூவோடு சேர்த்து ஒத்திகை

கைப்பின்னல் தடிமனானது. நம்மூர்க் கடையில் மெல்லிய சாக்ஸோடு போட்டுப் பார்த்து வாங்கிய ஷூவில் இது திணறும். ஷூ இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து, தடித்த சாக்ஸ் போட்டும் கால் சில்லிடும். விரல்களை ஷூவுக்குள் தாராளமாக அசைக்க முடிய வேண்டும். முடியவில்லையா, அதை நடைக்கு எடுக்காதீர்கள். முகாமுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த நாளில் எது

நடை தொடங்கும் ஜோப்ராவிலிருந்து சிக்கா முகாம், அங்கிருந்து கணவாய்க்கு முந்தைய முகாமான பாலு கா கேரா வரை வெயிலும் ஏற்றமும் சேர்ந்து கால் வியர்க்கும். இங்கே கைப்பின்னல் வேண்டாம். பின்னல் கண்ணி பெரிதாக இருப்பதால் பாதத்தில் அழுந்தும். குதிகாலில் நைலான் வலு இல்லாததால் சீக்கிரம் தேயும். எலாஸ்டிக் கிடையாது, கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். நைலான் கலந்த சாதாரண ட்ரெக்கிங் சாக்ஸ் போதும்.

கணவாயைக் கடக்கும் நாளில், ஷூவில் இடம் இருந்தால் உள்ளே மெல்லிய பாலியஸ்டர் சாக்ஸ், மேலே கம்பளி என்று இரண்டாகப் போடுங்கள். உரசல் தோலின்மேல் விழாமல் இரண்டு துணிகளுக்கு நடுவே நடக்கும். வியர்வை வெளி சாக்ஸுக்குப் போய்விடும். பருத்தியை மட்டும் உள்ளே போடாதீர்கள். நனைந்தால் எளிதில் காயாது, ஊறிய தோல் சட்டென்று உரியும்.

கணவாய்க்கு அப்பால் உள்ள ஷியா கோரு முகாமைத் தாண்டி, நடை முடியும் சத்ருவுக்கு இறங்கும்போது பனிக்கட்டி உருகிய ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டியிருக்கும். சாக்ஸைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, பிடிப்புள்ள செருப்போடு கடங்கள். அக்கரையில் காலை நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் மறுபடி போட வேண்டும்.

படி 5: ராத்திரிக்கு ஒரு ஜோடி

என்னைக் கேட்டால், இந்த சாக்ஸுக்கு ஈடு இல்லாத இடம் டென்ட்தான். ஒரு ஜோடியை பிளாஸ்டிக் உறையில் கட்டி, தூங்குவதற்கென்றே ஒதுக்குங்கள். எவ்வளவு ஆசை வந்தாலும் பகலில் தொடாதீர்கள். உலர்ந்த காலில் அதைப் போட்டு ஸ்லீப்பிங் பேக்கில் நுழைந்தால் விரல் விறைக்காமல் தூக்கம் வரும்.

படி 6: ஊருக்கு வந்தபின்

வெந்நீரும் வாஷிங் மெஷினும் கூடாது. சுருங்கிக் குழந்தை சாக்ஸாகிவிடும். குளிர்ந்த நீரில் ஷாம்பூ கலந்து அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கைவசமாகக் காயப்போடுங்கள். அந்துப்பூச்சி அரிக்காமல் இருக்க, நன்றாகக் காய்ந்ததும் மூடிய பையில் போட்டு வையுங்கள். குதிகால் தேய்ந்து ஓட்டை விழத் தொடங்கினால், அதே தடிமனில் கம்பளி நூல் வாங்கிக் குறுக்கும் நெடுக்குமாக இழையோட்டிவிடலாம்.