ஸ்கிரீன் ரெக்கார்டிங்ல வாட்டர்மார்க்கும் வரக்கூடாது, திக்கவும் கூடாதுன்னா

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டியூஷன் எடுக்கிறவங்க, டேலி சொல்லிக்குடுக்கிறவங்க, கேம் ஆடி யூடியூப்ல போடுற பயலுவ, எல்லாரும் கேக்குறது இந்த ரெண்டு சந்தேகத்தையும்தான். வீடியோ மேல சாஃப்ட்வேர்காரன் பேரு வருகு, அப்புறம் வீடியோ திக்கித்திக்கி ஓடுகு. ரெண்டுக்கும் புது லேப்டாப் ஒண்ணும் வாங்காண்டாம்.

முதல்ல வாட்டர்மார்க். பேண்டிகாம் மாதிரி உள்ள ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் காசு கட்டலைன்னா மேல அவன் பேர போட்டுரும், 10 நிமிஷத்துக்கு மேல ரெக்கார்டும் ஆகாது. அதுக்கு கிராக் (காசு கட்டாம ஓட்டுற திருட்டு காப்பி) தேடிப் போகாதீங்க மக்களே, வைரஸ் ஏறிச்சுன்னா சவம் மொத்த கம்ப்யூட்டரும் போச்சு. ஓபிஎஸ் ஸ்டுடியோன்னு ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் இருக்கு, அது இலவசம், வாட்டர்மார்க்கே கிடையாது, நேர கெடுவும் கிடையாது. அதை அவங்க சொந்த சைட்ல இருந்து மட்டும் இறக்குங்க.

இனி உங்க சொந்த லோகோ வேணும்னா ஓபிஎஸ்ல சோர்சஸ்னு உள்ள பெட்டில பிளஸ் அமுக்கி இமேஜ் குடுத்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படத்தை சேருங்க. லிஸ்ட்ல அது டிஸ்ப்ளே கேப்சருக்கு (ஸ்கிரீன முழுசா பிடிக்கிற சோர்ஸ்) மேல இருக்கணும், கீழ கிடந்தா தெரியாது, நிறைய பேர் லோகோ வரலைன்னு சொல்றது இதனாலதான் ஆக்கும். ரைட் கிளிக் பண்ணி ஃபில்டர்ஸ்ல கலர் கரெக்ஷன் சேத்து ஒபாசிட்டிய பாதிக்கும் கீழ இறக்குங்க, இல்லைன்னா பாடத்தை விட்டுட்டு பிள்ளைங்க லோகோவையே பாத்துட்டிருக்கும். இடம் மேல் மூலை நல்லது, கீழ வலது பக்கம் கடிகாரமும் டாஸ்க்பாரும் கிடக்கும்லா. வச்ச பிறகு பூட்டு படத்தை அமுக்கிருங்க, கை பட்டு நகராது.

அடுத்து திக்கல், இதுலதான் ஆளுக்கொரு செட்டிங் சொல்லி குழப்புவாங்க, யார் பேச்சையும் கேக்காண்டாம், டாக்ஸ் மெனுல ஸ்டாட்ஸ்னு ஒண்ணு இருக்கு, அதை திறந்து வச்சுட்டு ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணிப் பாருங்க. என்கோடிங் லேக்னு உள்ள எண் ஏறுதுன்னா வீடியோவ சுருக்கி எழுதுற வேலைக்கு மெஷின் முக்குகுன்னு அர்த்தம். ரெண்டரிங் லேக் ஏறுதுன்னா கிராபிக்ஸ் பக்கம் திணறுகு. ரெண்டுக்கும் மருந்து வேற வேற, கேட்டியளா.

என்கோடிங்னா, செட்டிங்ஸ்ல அவுட்புட் போய் ரெக்கார்டிங்க்கு உள்ள என்கோடர்ல எக்ஸ்264 (சிபியுவ வச்சு சுருக்குறது) கிடந்தா அதை மாத்தி ஹார்டுவேர்னு உள்ளதை எடுங்க, என்விடியா கார்டுன்னா என்வென்க், இன்டெல்லுன்னா குயிக்சிங்க். ஹார்டுவேரே காட்டலைன்னா சிபியு யூசேஜ் பிரிசெட்ட அல்ட்ராஃபாஸ்ட் ஆக்குங்க, ஃபைல் கொஞ்சம் பெருசாகும், அவ்ளோதான். அப்பவும் திக்கினா செட்டிங்ஸ்ல வீடியோன்னு உள்ள பக்கத்துல பேஸ் கேன்வாஸை தொடாம அவுட்புட் ரெசல்யூஷனை மட்டும் 1280×720 ஆக்கி, எஃப்பிஎஸ் (ஒரு செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்னு உள்ள கணக்கு) 30 வைங்க. பாடம் நடத்த 60 எதுக்கு? எழுத்து சின்னதா தெரிஞ்சா பிரவுசர ஜூம் பண்ணிக்கிடுங்க.

ரெண்டரிங்னா கேமுக்குள்ள எஃப்பிஎஸ்ஸ ஒரு அளவுல கட்டிப் போடுங்க, தேவையில்லாத குரோம் டேபை மூடுங்க, ஓபிஎஸ்ஸ ரைட் கிளிக் பண்ணி ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் குடுத்து திறங்க. ரெண்டு கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்ல டிஸ்ப்ளே கேப்சர் கருப்பா வந்தா, விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ஸ்ல ஓபிஎஸ்ஸ சேத்து பவர் சேவிங் குடுத்தா பெரும்பாலும் சரியாகும்.

ஃபைல் ஃபார்மேட் எம்கேவி வைங்க, சாதா எம்பி4 வேண்டாம். நம்ம ஊர்ல இடவப்பாதி மழை, ஐப்பசி மழைன்னு ரெண்டு சீசன்லயும் கரண்ட் நெனச்ச நேரம் போகும், டெஸ்க்டாப் பாதில அணைஞ்சா எம்பி4 திறக்காமலே போயிரும், எம்கேவின்னா அதுவரைக்கும் எடுத்தது மிஞ்சும். பிறகு ஃபைல் மெனுல ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் குடுத்தா குவாலிட்டி குறையாம எம்பி4 ஆகும், அதை முழுசா ஓட்டிப் பாத்துட்டு பழசை டெலிட் பண்ணுங்க.