துவாரெக் வெள்ளித் தாயத்துகள்: வாங்குவது முதல் பத்திரப்படுத்துவது வரை

சகாரா பாலைவனத்தில் வாழும் துவாரெக் மக்களின் நகைகளைச் சேர்க்க ஆரம்பிக்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது செரோட் எனும் தாயத்துப் பெட்டிதான். குர்ஆன் வசனமோ எண்கட்டமோ எழுதிய தாளை உள்ளே வைத்து மூடிய, வெளியே வெள்ளியும் செம்பும் பித்தளையும் சேர்த்துச் செதுக்கிய பெட்டி. அழகுதான், ஆனால் அதை இரண்டாவதாக வாங்குங்கள். முதலில் கல் பதிக்காத ஒரு சிலுவைப் பதக்கம்.

படி 1: வகைகளைப் பார்த்துப் பழகுங்கள்

நைஜர், மாலி, அல்ஜீரியா, லிபியா என சகாராவில் பரவி வாழும் இந்த மக்களுக்குத் தங்கத்தைவிட வெள்ளிதான் உசத்தி. செய்பவர்கள் இனாடன் என்ற கொல்லர் சமூகத்தினர், மெழுகில் வடிவம் செய்து களிமண் பூசி வார்ப்பார்கள். அகடெஸ் சிலுவை பிரபலம். இங்கால், ஜிண்டர், தாவா, இஃபெருவான் என ஊருக்கொரு வடிவம் உண்டு, நைஜரில் மொத்தம் 21 என்று கணக்குச் சொல்வார்கள். கொமெய்சா என்பது ஐந்து சாய்சதுரத் துண்டுகள் சேர்ந்த தாயத்து, பழையவை சிப்பியில் செய்தவை.

படி 2: உலோகத்தைச் சோதியுங்கள்

ஜெர்மன் சில்வரில் வெள்ளி துளியும் கிடையாது, செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான், காந்தத்திலும் ஒட்டாது, அதனால் காந்தத்தை நம்பாதீர்கள். நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசில் முதலில் பதக்கத்தை எடை போடுங்கள். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, அளவை பூஜ்யமாக்கி, பதக்கத்தை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் இடிக்காமல் முழுக்க மூழ்கவிட்டுப் பிடியுங்கள். முதல் எடையை இப்போது காட்டும் எண்ணால் வகுத்தால் அடர்த்தி வந்துவிடும். 30 கிராம் பதக்கம் 2.9 காட்டினால் 10.3. 10-ஐத் தாண்டினால் வெள்ளியாக இருக்க வாய்ப்பு அதிகம், 8.5-க்கும் 9-க்கும் நடுவில் வந்தால் ஜெர்மன் சில்வர் என்று சந்தேகப்படுங்கள். உள்ளே வெற்றிடமும் தோலும் தாளும் இருக்கிற பெட்டியில் இந்த வேலை நடக்காது, சிலுவையை முதலில் வாங்கச் சொன்னது இதற்காகத்தான்.

92.5 சதவீத வெள்ளி என்று காட்டும் 925 முத்திரையோடு "நூறு வருஷப் பழசு" என்ற கதையும் வந்தால் தள்ளி நில்லுங்கள். பழைய நகைகள் பல மரியா தெரேசா என்ற ஆஸ்திரிய வெள்ளி நாணயங்களை உருக்கிச் செய்தவை, 1780-க்குப் பிறகு எந்த வருஷம் அச்சடித்தாலும் 1780 என்றே போட்ட நாணயம் அது, அதில் வெள்ளி சுமார் 83 சதவீதம்தான்.

படி 3: தேய்மானத்தைப் பாருங்கள்

நிஜமாகவே அணிந்த நகையில் கயிறு உரசும் வளையம் ஒரு பக்கமாக மெலிந்திருக்கும், தோலைத் தொடும் பின்பக்கம் வழவழப்பாக இருக்கும். எல்லா இடத்திலும் ஒரே அளவு கறுப்பு என்றால் மருந்து போட்டுக் கறுப்பாக்கியது என்று நினைக்கலாம்.

படி 4: சுத்தம் செய்வது

மென்மையான பருத்தித் துணியால் மேல்பரப்பை மட்டும் லேசாகத் துடையுங்கள், போதும். குழிகளில் இருக்கும் கறுப்புதான் செதுக்கலை எடுத்துக் காட்டுகிறது, அதனால் பற்பசை, முக்கியெடுக்கும் திரவம், சமையல் சோடாவும் அலுமினியத் தாளும் சேர்க்கும் வித்தை எல்லாம் வேண்டவே வேண்டாம். செரோட்டில் தண்ணீர் படக்கூடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் ஆசையில் அதைத் திறக்கவும் கூடாது, திறந்தால் மதிப்பும் போச்சு, நம்பிக்கை வைத்து எழுதி வாங்கியவருக்கும் அது மரியாதை இல்லை.

படி 5: எடுத்து வைப்பது

அணிந்தால் வியர்வையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின், ஒவ்வொன்றையும் தனித்தனியாக அமிலமில்லாத தாளில் சுற்றி வையுங்கள். ரப்பர் பேண்டிலும் கம்பளியிலும் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். எடை, வாங்கிய இடம், தேதி எல்லாம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். விற்றவர் சொன்ன கதையையும் எழுதலாம், "விற்றவர் சொன்னது" என்று தலைப்புப் போட்டு.