படமும் கலைக்காட்சியும் ஒரே நாளில்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்திலிருந்து கொச்சி பினாலே என்ற கலைக் கண்காட்சிக்குக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு யோசனை. கண்காட்சியோடு ஓர் இயக்குநரின் பழைய படங்களையும் வரிசையாகத் திரையிடுகிறார்கள் என்றால், முதலில் திரையிடல் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அறைகளில் ஓடும் வீடியோ படைப்புகள் பெரும்பாலும் திரும்பத் திரும்ப ஓடும், எப்போது நுழைந்தாலும் சரி. முழுநீளப் படத்துக்கு அது சரிப்படாது.

காலையில் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற பெரிய கண்காட்சி இடங்களை நடந்து முடித்துவிட்டு, கால் ஓய்ந்த பிறகு மதியம் படத்துக்கு உட்காருவதுதான் என் கட்சி.

படம் பார்க்குமுன் அந்த இயக்குநர் வேறு என்ன செய்தார் என்றும் தெரிந்துகொள்ளுங்கள். உதாரணத்துக்கு மலையாள இயக்குநர் ஜி. அரவிந்தன். 1961 முதல் மாத்ருபூமி என்ற மலையாள வார இதழில் தொடர்ந்து கார்ட்டூன் வரைந்தவர். அது தெரிந்து அவருடைய ‘கும்மாட்டி’ (1979) படத்தைப் பார்த்தால், வெட்டவெளியில் சின்னதாகத் தெரியும் மனிதர்களை அவர் வைத்திருக்கும் விதம் தனியாகக் கண்ணில் படும். மலையாளம் நமக்குப் புதிதில்லை, சப்டைட்டிலை விட்டுவிட்டுக் காட்சியைப் பாருங்கள்.

அப்புறம், ஃபோர்ட் கொச்சியிலிருந்து எறணாகுளத்துக்குக் கடைசிப் படகு எப்போது என்று போனவுடனே ஜெட்டியில் கேட்டுவிடுங்கள். மாலைக் காட்சிக்கு இருப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்து முடிவு செய்யலாம்.