64 பிட் எக்செலில் ஃபைல் தேர்வுப் பெட்டி திறக்காத சிக்கல் - என் அனுபவம்

32 பிட்டிலிருந்து 64 பிட் எக்செலுக்கு மாறியதும், ஃபைலைத் தேர்ந்தெடுக்கும் பழைய மேக்ரோ நின்றுவிட்டது. முதலில், விண்டோஸின் செயல்களை மேக்ரோவுக்கு அறிமுகப்படுத்தும் டிக்ளேர் (Declare) வரிகள் சிவப்பாகிப் பிழை காட்டின. 64 பிட்டுக்கு ஏற்றது என்று சொல்லும் பிடிஆர்சேஃப் (PtrSafe) என்ற சொல்லை அவற்றில் சேர்த்தேன், சிவப்பு போனது. பெட்டி மட்டும் திறக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை, அதுதான் நாள்களைத் தின்றது. 4 பைட் எண் வகையான லாங் (Long) எல்லாவற்றையும், 64 பிட்டில் 8 பைட் எடுக்கும் லாங்பிடிஆர் (LongPtr) ஆக்கியும் பயனில்லை. அப்படி மாற்றவும் கூடாது: விண்டோ ஹேண்டில் (சாளரத்தின் அடையாள எண்), நினைவக முகவரி போன்றவை மட்டும்தான் 8 பைட், ஃப்ளாக்ஸ் (விருப்பத் தேர்வுகள்), நீளம் எல்லாம் லாங்காகவே இருக்க வேண்டும். அவற்றைச் சரிசெய்தும் அதே கதை.

கடைசியில் சிக்கியது, விண்டோஸுக்கு அனுப்பும் விவரத் தொகுப்பான டைப்பின் (Type) அளவை நிரப்பும் வரி. அதில் அளவைக் கணக்கிட லென் (Len) இருந்தது. 64 பிட்டில் முதல் 4 பைட் உறுப்புக்கும் அடுத்த 8 பைட் ஹேண்டிலுக்கும் நடுவே 4 பைட் காலியாக விடப்படுகிறது. லென் இந்த இடைவெளியை எண்ணாது, லென்பி (LenB) எண்ணும். அளவு பொருந்தாவிட்டால் விண்டோஸ் சத்தமில்லாமல் 0 திருப்பிவிடுகிறது. 32 பிட்டில் இந்த இடைவெளி இல்லாததால் இத்தனை வருடம் லென்னே போதுமாக இருந்தது.

லென்பி என்று மாற்றினேன், பெட்டி உடனே திறந்தது. அப்பாடா! ஆபீஸ் 2007 வைத்திருப்பவர்களுக்காகப் பழைய டிக்ளேர்களை விபிஏ7 (VBA7, ஆபீஸ் 2010 முதல் உள்ள மேக்ரோ மொழிப் பதிப்பு) நிபந்தனையின் எல்ஸ் (Else) பகுதியில் அப்படியே விட்டிருக்கிறேன்.